எங்கள் நாய் என்று சொன்னதற்கான செலவு

“1966 ஜூலை 21, வியாழன். காலை ஐந்தே முக்கால். எதிர்வீட்டுப் பாவில் நாய் வாய் வைத்துவிட்டது. அறுந்த இழைகளை யாரும் எண்ணவில்லை. எங்க நாய் இல்லை என்று இவர் சொல்லிவிட்டார். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.”

என் நாட்குறிப்பில் அந்தத் தேதிக்கு எதிரே இவ்வளவுதான் இருக்கிறது. “இவர்” என்பது என் கணவர். நாய் ஒன்று வாங்கலாமா, மாதம் என்ன செலவு பிடிக்கும் என்று என் மகள் சமீபத்தில் கேட்டாள். இன்றைய விலைவாசி எனக்குத் தெரியாது. எங்களுக்கு ஆன செலவைச் சொல்ல முடியும். அதை இந்தத் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அப்போது சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் குடியிருந்தோம். கணவருக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தறி. முதலாளி பட்டும் சரிகையும் கொடுப்பார். இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். நான் கிளை நூலகத்தில் உதவியாளர். புத்தகங்களில் தேதி முத்திரை குத்துவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. மீதி நேரத்தில் அந்தப் புத்தகங்களைப் படித்தேன். வீட்டில் மூன்றாவதாக இருந்தது கணவரின் தங்கை. பதினெட்டு வயது, நூல் இழைப்பாள், நிறையப் பேசுவாள்.

நாய் 1965 ஐப்பசி மழையில் வந்தது. கறுப்பு நாய், முன்கால் இரண்டிலும் பாதம் மட்டும் வெள்ளை. புழக்கடையில் விறகு அடுக்கியிருந்த கொட்டகைக்குள் நுழைந்து படுத்தது. மழை விட்ட பிறகும் போகவில்லை. வளர்க்க வேண்டும் என்று நாங்கள் யாரும் முடிவு செய்யவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அரிசி கிடைப்பதே பாடாக இருந்த காலம் அது. ரேஷன் அட்டைக்குக் கிடைத்தது மூன்று பேருக்கே பற்றாது. நாய்க்குச் சோறு போட்டோம் என்று தெருவில் சொன்னால் சிரித்திருப்பார்கள். ஆனாலும் அது பசியோடு இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தோம். செலவே இல்லாத வழி என்று அப்போது நினைத்தோம்.

அதைப் புரிந்துகொள்ளப் பாவு நீட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழைகள். மூன்று புடவைக்கு வேண்டிய பட்டிழைகளைத் தெருவில் நீளமாக இழுத்து, இரண்டு முனையையும் கழியில் கட்டி, நடுநடுவே கழிகளை முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். நொய்யரிசிக் கஞ்சியை அதன்மேல் தடவி, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் ஆகிற காரியமில்லை. அதனால் ஒரு வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தால் மற்ற வீடுகளிலிருந்து ஆளுக்கொருவர் வந்து பிடிப்பார்கள். கூலி கிடையாது. இன்றைக்கு அவன் பாவுக்கு நீ போனால் உன் பாவுக்கு அவன் வருவான்.

அந்த வேலை முடிந்ததும் பானையடியில் கொஞ்சம் கஞ்சி மிஞ்சும். மாடு உள்ள வீட்டில் மாட்டுக்கு ஊற்றுவார்கள். எங்களிடம் மாடு இல்லை. நாத்தனார் அதை ஒரு மண்சட்டியில் ஊற்றி நாய்க்கு வைத்தாள். பிறகு, நாங்கள் உதவிக்குப் போன வீடுகளிலிருந்தும் மிச்சக் கஞ்சியைக் கேட்டு வாங்கி வந்து வைத்தாள். ஒன்பது மாதம் இப்படி நடந்தது. விடியற்காலையில் தெருவில் கஞ்சி வாசனை வந்தால் தனக்குச் சாப்பாடு தயாராகிறது என்று அந்த நாய் கற்றுக்கொண்டது. நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம். அந்த நேரத்தில் அது எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை.

ஜூலை 21 அன்று எதிர்வீட்டுக்காரரின் பாவு. அரக்கு நிறம். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தெருவில் பாவு பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பத்தடி தூரத்திலிருந்தே எந்த இழை தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். யார் வீட்டுப் பாவானாலும் தலைமாட்டுக் கழியை அவர் பிடித்தால்தான் மற்றவர்களுக்கு நிம்மதி. அன்று கஞ்சி தடவி முடித்து எல்லாரும் நிமிர்ந்த நேரத்தில் நாய் பாவுக்கு அடியில் புகுந்து நக்கத் தொடங்கியது. நக்கியதில் போன இழை கொஞ்சம்தான். ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினோம். அது மிரண்டுபோய்ப் பாவுக்குள்ளேயே எழுந்து ஓடப் பார்த்தது. அதில்தான் இழைகள் அறுந்தன. கழுத்தில் நாலைந்து அரக்கு இழை தொங்க அது எங்கள் வீட்டுச் சந்துக்குள் ஓடி மறைந்தது.

எதிர்வீட்டுக்காரர் கழியை விடவில்லை. விட்டால் பாவு மண்ணில் விழும். பிடித்தபடியே கேட்டார்.

“யார் நாயிபா இது?”

“எங்க நாய் இல்லண்ணா” என்றார் கணவர். “தெருநாயி. எல்லா வூட்லயும் துன்னுக்கினு திரியுது.”

“தெருநாயா? உங்க வூட்டுப் பொழக்கடைல படுத்துக்கினு இருக்குது. உன் தங்கச்சி சட்டில ஊத்துது, அது குடிக்குது. ரேஷன் கார்டுல பேரு சேக்கறது ஒண்ணுதான் பாக்கி.”

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“இல்லண்ணா, சத்தியமா…”

“சத்தியம்லாம் பண்ணாத. பாவைப் புடி.”

கணவரைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. பட்டு முதலாளியுடையது, இரண்டு வீட்டுக்கும் அவரே முதலாளி; எங்கள் நாய் என்று ஒப்புக்கொண்டால் என்ன கேட்பார்களோ என்ற பயம். அது தவிர, எங்கள் தெருவில் அப்படிச் சொல்வதே வழக்கம். நாய் வைத்திருப்பவர்கள் நகராட்சியில் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்று விதி. ஆள் விசாரிக்க வந்தால் எல்லாரும் கையை விரிப்போம். தெருவில் ஆறு நாய்கள் இருந்தன. ஒன்றுக்கும் சொந்தக்காரர் கிடையாது.

பாவை ஒருவழியாகச் சுருட்டி முடித்தபோது மணி ஒன்பதரை. எதிர்வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

“தம்பி, சண்டை போட வரல. ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். அந்த நாயி இந்த வூட்ல இருக்கற வரைக்கும் உங்க பாவை நான் தொட மாட்டேன். அவ்ளோதான்.”

அவர் சொன்னால் சொன்னதுதான் என்பது தெருவுக்கே தெரியும். அவர் வராத பாவுக்கு மற்றவர்களும் தயங்குவார்கள். தறியில் இருந்த பாவு இன்னும் ஐந்தாறு வாரத்தில் முடிந்துவிடும். அடுத்த பாவை நீட்ட ஆள் இல்லையென்றால் தறி நின்றுவிடும். என் நூலகச் சம்பளத்தில் மூன்று பேர் பத்து நாள் கூடச் சாப்பிட முடியாது.

அன்று மாலை கணவர் ஒரு முடிவோடு பேசினார். “ஓரிக்கைக்கு வண்டி போவுது. ஏத்தி அனுப்பி ஆத்தங்கரைல வுட்டுடச் சொல்றேன். பொழைச்சுக்கும்.”

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். நான் அழவில்லை. எனக்குக் கோபம். யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. என்மேல்தான் அதிகம் இருந்திருக்க வேண்டும்.

“கஞ்சி ஊத்திப் பழக்கினது யாரு?” என்று கேட்டேன்.

“இப்ப அதப் பேசி இன்னா ஆவப்போவுது?”

“நாம பழக்கினத அது செஞ்சுது. அதுக்கு ஓரிக்கையா? அங்க போனாலும் ஒருத்தர் பாவுலதான் வாய வெக்கும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?”

“அப்ப தறிய நிறுத்திட்டு நாய மேய்க்கலாம்ன்ற.”

“தறியும் நிக்காது, நாயும் போவாது. பாத்துக்கலாம்.”

எப்படி என்று அவர் கேட்கவில்லை. எழுந்து தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்து, புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைக்க ஆரம்பித்திருந்தார். அவர் மனைவி எனக்குப் பலகை எடுத்துப் போட்டார். நான் நின்றபடியே சொன்னேன்: “அண்ணா, காலைல இவரு சொன்னது பொய்யி. நாய் எங்களுதுதான்.”

அவர் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “வாய்ல சொன்னா ஆச்சாமா? நாளைக்கு அது ஒரு குழந்தையக் கடிச்சுதுன்னு வெச்சுக்கோ. அப்ப திரும்ப தெருநாயி ஆயிடும்.”

“ஆவாது.”

“முனிசிபாலிட்டில எழுதிக் குடு பாக்கலாம். இந்தத் தெருவுல ஒருத்தனும் குடுத்ததில்ல.”

“குடுக்கறேன்” என்றேன்.

அவர் மனைவி இடையில் புகுந்தார். “அவரு வாய்க்கு நீ ஏம்மா போட்டி போடற? நாய்க்கெல்லாம் யாரு போய்ப் பணம் கட்டுவா?”

சனிக்கிழமை நூலகத்தில் இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் இளைஞர். நான் சொன்னதைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“லைசென்ஸா? நாய்க்கா? யாராவது புகார் குடுத்துட்டாங்களாம்மா?”

“இல்ல. நானா வந்தேன்.”

“நீங்களா வந்தீங்களா!” பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். “அண்ணே, இங்க ஒருத்தங்க தானா வந்துகீறாங்க.”

உரிய ரசீதுப் புத்தகத்தை அலமாரியில் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமானது. நிறம், அடையாளம், ஆணா பெண்ணா எல்லாம் கேட்டு எழுதினார். “கடிக்குமா?” என்றார். “பாவு இழைய மட்டும்” என்றேன். அவருக்கும் நெசவாளர் வீடுதான் போலிருக்கிறது, தலையில் அடித்துக்கொண்டார். பணம் கட்டி, எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் வந்து புதுப்பிக்க வேண்டும், மறந்தால் நாய் பிடிக்கிற வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றார். போகிற போக்கில் கால்நடை ஆஸ்பத்திரியில் வெறிநாய் ஊசியும் போட்டுவிடுங்கள், அதற்கும் வருடா வருடம் போக வேண்டும் என்றார். வருடா வருடம் என்ற சொல்லை அன்று இரண்டு முறை கேட்டேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அதுதான் காதில் இருந்தது. பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைப்பவரிடம் கழுத்துப் பட்டை ஒன்று செய்யச் சொன்னேன். அளவு கேட்டார், தெரியாது. மறுநாள் நாயையே கூட்டிப் போக வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் கணவர் ஒரு காரியம் செய்தார். நான் சொல்லிச் செய்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் தன் தறியை நிறுத்திவிட்டு எதிர்வீட்டுக்குப் போய், அறுந்த அரக்கு இழைகளைப் பிணைக்க உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரர் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லையாம். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் இரண்டு பேரும் ஒரே பாவின் இரண்டு பக்கம் உட்கார்ந்து பேசாமல் வேலை செய்தார்கள். அந்த வீட்டம்மாள் மோர் கொடுத்ததாகவும், “ரெண்டும் ஊமையாட்டம் உக்காந்துக்கினு இருக்குதுங்க” என்று பக்கத்து வீட்டில் சொன்னதாகவும் நாத்தனார் செய்தி கொண்டுவந்தாள். எங்கள் தறி நின்ற அந்த மூன்று நாளும் நாய்க்கான செலவில் சேர்ந்தவைதான்.

அடுத்தது சாப்பாடு. இனிமேல் இந்த வீட்டில் அரிசிக் கஞ்சி நாயின் வாயில் படக்கூடாது என்று முடிவு செய்தேன். கேழ்வரகு வாங்கி அரைத்துக் களி கிண்டி வைத்தேன். அது முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. அப்படியே இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் புழக்கடைக்குப் போனால் சட்டி நக்கித் துடைத்த மாதிரி இருந்தது. எனக்குச் சந்தோஷம். குனிந்து பார்த்தேன், ஓரத்தில் கஞ்சி காய்ந்திருந்தது.

“இன்னா இது?” என்று நாத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“பாவம் அண்ணி. ரெண்டு நாளா பட்டினி. என்ன எப்டி பாக்குது தெரியுமா?”

“நீ இரக்கப்பட்டா அது ஓரிக்கைக்குப் போவும். பரவாயில்லியா?”

“கொஞ்சம்தான் அண்ணி ஊத்தினேன்.”

“இன்னும் ஒரு தபா ஊத்தினா உனக்கும் களிதான்.”

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் நாங்கள் மூன்று பேரும் களியே தின்றோம். கேழ்வரகு வாங்கிய பிறகு வேறு வாங்கக் கையில் இல்லை. நாலாம் நாள் நாய் களியைத் தின்றது.

களியைத் தின்றதால் கஞ்சியை மறந்துவிடுமா? தெருவில் வாரத்துக்கு இரண்டு வீட்டுப் பாவாவது நீட்டுவார்கள். வாசனை வந்ததும் அது எழுந்து நிற்கும், காது விறைக்கும். கட்டிப் போட்டால் தெருவே கேட்க ஊளையிட்டது. ஆள் பக்கத்தில் இருந்தால் முனகலோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே யார் வீட்டுப் பாவானாலும் அந்தக் காலைகளில் கணவரும் நாத்தனாரும் உதவிக்குப் போவார்கள். நான் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு புழக்கடையில் கிணற்றடியில் உட்காருவேன். வெளிச்சம் வந்ததும் புத்தகத்தைப் பிரிப்பேன். அந்த வருடம் நான் படித்தவற்றில் பாதி இப்படிப் படித்தவை.

அப்படிப் படித்ததில் ஒன்று இந்தப் பக்கத்துக் கல்வெட்டுகள், செப்பேடுகள் பற்றியது. கூரம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்த ஊர்க் கோயிலுக்குப் பல்லவ அரசன் கொடுத்த செப்பேட்டைப் பற்றி அதில் விரிவாக இருந்தது. கொடுத்தேன் என்று சொல்லி அரசன் அதோடு நிறுத்தவில்லை. பூசை நடக்க ஒரு பங்கு, கோயில் பழுதானால் பார்க்க, மண்டபத்துக்குத் தண்ணீரும் நெருப்பும் வைக்க என்று, பிறகு ஆகிக்கொண்டே இருக்கும் செலவுகளுக்கும் வழி எழுதி வைத்திருக்கிறான். அதைப் படித்தபோது நாய் என் காலைத் தலையணையாக வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில் வருடா வருடம் ஆகிறவை என்று தலைப்பிட்டு எழுத ஆரம்பித்தேன்: உரிமம், ஊசி, கழுத்துப் பட்டை, கேழ்வரகு, என் காலைகள். கடைசியில் எழுதியதை அடித்துவிட்டேன். அதற்கு எந்த அளவில் கணக்கு வைப்பது என்று தெரியவில்லை.

1966 ஆகஸ்ட் 29, திங்கள். எங்கள் பாவு.

முந்தின நாள் கணவர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யாரும் வர மாட்டேன் என்று சொல்லவில்லை. “பாக்கலாம்பா”, “உடம்பு ஒரு மாதிரி இருக்குது”, “அண்ணன் வராரா?” இப்படித்தான். எதிர்வீட்டுக்கு மட்டும் அவர் போகவில்லை. நல்ல பச்சை நிறப் பாவு. கல்யாணப் புடவைக்கு முதலாளி கொடுத்தது, தேதி தவறக்கூடாது.

விடியற்காலை தெருவில் நின்றது நாங்கள் மூன்று பேர். பெரிய தெருவிலிருந்து கணவரின் சினேகிதர் ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒருவர் வந்து, எதிர்வீட்டுக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றார். மொத்தம் ஐந்து பேர். எட்டுப் பேராவது வேண்டும். நானும் பிடித்தால்தான் பாவை எடுக்கவே முடியும். நான் பாவைப் பிடித்தால் நாயை யார் பிடிப்பது?

கிணற்றுத் தூணில் இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு வந்தேன். பாவை இழுத்தோம், கழிகளை நிறுத்தினோம். நாத்தனார் கஞ்சிப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். புழக்கடையில் ஊளை தொடங்கியது. கஞ்சி தடவத் தடவ ஊளை பெரிதாயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்: “கயிறு தாங்குமாமா?”

“தாங்கும்” என்றேன். எனக்கே தெரியாது. இரண்டு கையிலும் கழி; கழியை விட்டால் பச்சைப் பட்டு மண்ணில். ஊளை சட்டென்று நின்றது. அந்த ஒரு நிமிடத்தை என்னால் இன்றும் எழுத முடியவில்லை. கயிறு அறுந்துவிட்டது, சந்து வழியாக வந்துகொண்டிருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். கணவர் பாவின் மறுகோடியிலிருந்து என் முகத்தைப் பார்த்தார்.

சந்திலிருந்து எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். ஒரு கையில் எங்கள் கயிறு, மறுமுனையில் நாய். எப்போது எங்கள் புழக்கடைக்குப் போனார் என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. தெருவோரம் பாவிலிருந்து ஆறேழு முழம் தள்ளிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

“அண்ணா, பாவைப் புடிங்கண்ணா. நாய நான் பாத்துக்கறேன்” என்றார் கணவர்.

“உங்க பாவைத் தொட மாட்டேன்னு சொல்லிகீறேன் இல்ல? நாயத் தொட மாட்டேன்னு சொல்லல. வேலையப் பாரு.” நாயின் கழுத்திலிருந்த வில்லையைத் திருப்பிப் பார்த்தார். “நம்பர்லாம் போட்டுக் குடுத்துகீறான்பா! பெரிய எடத்து நாயாயிட்ட நீ.”

நாய் ஒருமுறை பலமாக இழுத்தது. அவர் அசையவில்லை. “உக்காரு. உனக்குக் களி இருக்குதாம்ல, போய் அதத் துன்னு.” மறுபடி ஒருமுறை இழுத்தது. பிறகு உட்கார்ந்து, பாவையே பார்த்துக்கொண்டு வாலால் மண்ணைத் தட்டியது.

அவரும் பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்தார். அதற்குமேல் முடியவில்லை. “தம்பி, நடுவுல தொய்யுது, அந்த முட்டு ஏத்து. யம்மா, உன் பக்கம் மூணாவது கழியாண்ட ஒரு இழை தொங்குது. அது இல்லமா, அதுக்கு அந்தாண்ட. ஆங், அதான்.” உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு பாவை முழுக்கச் சரி பார்த்துக் கொடுத்தார். அவர் குரல் கேட்டதும் எதிர்வரிசையிலிருந்து இரண்டு பேர், கோடி வீட்டிலிருந்து ஒருவர் என்று இறங்கி வந்தார்கள். ஒருவர் உடம்பு சரியில்லை என்று சொன்னவர். எட்டு மணிக்குப் பாவைச் சுருட்டிவிட்டோம். அவர் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டுத் தெருவைத் தாண்டிப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் பாவுக்கு ஆள் இல்லாமல் போனதில்லை. ஆனால் அவர் சொன்ன சொல்லை மாற்றவும் இல்லை. எங்கள் வீட்டுப் பாவு நாளில் நேராகப் புழக்கடைக்குப் போவார், நாயை அவிழ்த்துக்கொண்டு வந்து தெருவோரம் உட்காருவார், அங்கிருந்தே அதட்டுவார். கழியைத் தொட மாட்டார். மற்ற வீட்டுப் பாவுக்கெல்லாம் தலைமாட்டில் நின்றார். தெருவின் நல்ல கை எங்கள் பாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அப்படி எட்டு வருடம்.

அந்த எட்டு வருடத்தில் ஆன மற்றவற்றையும் மகளுக்காகக் குறிக்கிறேன். உரிமத்தை ஒரு வருடமும் விட்டதில்லை, ரசீதுகள் வைத்திருக்கிறேன். பட்டை இரண்டு முறை மாற்றினோம். 1968இல் நாத்தனாருக்குக் கல்யாணமாகி, நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் குறைந்தது. அதன்பின் நானும் கணவரும் சேர்ந்து எந்த ஊருக்கும் இரவு தங்கப் போனதில்லை. வைகாசியில் கருட சேவைக்கு வெளியூரெல்லாம் எங்கள் பேட்டைக்கு வந்து நிறையும்; வாண வேடிக்கைக்கு அந்த நாய் நடுங்கிச் சுவரில் முட்டிக்கொள்ளும். கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு ஐந்து வருடம் நான் கருட சேவை பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு விறகுக் கொட்டகையில் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, நாதஸ்வரம் தெருவைத் தாண்டிப் போவதைக் கேட்டேன். 1971இல் மகள் பிறந்த பிறகு வேலை இரட்டித்தது. கொண்டுபோய் விட்டிருக்கலாமே என்று அந்த வருடம் ஒருவர் கேட்டார். எங்கள் நாய் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றேன். வேறு பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

1974 பிப்ரவரியில் நாய் செத்தது. வயது, மூத்திரக் கோளாறு. கடைசி இரண்டு வாரம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ரிக்‌ஷாவில் கொண்டு போய் வந்தோம். புழக்கடையிலேயே புதைத்தோம். எதிர்வீட்டுக்காரர் வந்து நின்றார், மண்ணைத் தள்ளினார், போனார்.

மார்ச்சில் எங்கள் பாவு. அவர் புழக்கடைப் பக்கம் போகவில்லை. நேராக வந்து தலைமாட்டுக் கழியைப் பிடித்துக்கொண்டார். “இன்னாபா இப்டித் தொய்ய வுட்டுகீற? எட்டு வருசமா இப்டித்தான் இழுத்துக்கினு இருந்தியா?” என்று கணவரைக் கேட்டார். கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையில் கயிறு இல்லாமல் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றேன்.

ஒன்று மட்டும் தீரவில்லை. 1966 ஆகஸ்ட் 29 அன்று அவர் தானாக எழுந்து வந்தாரா, கல்யாணப் புடவை தாமதமாகும் என்று முதலாளி சொல்லி அனுப்பி வந்தாரா? முந்தின நாள் மாலை முதலாளியின் ஆள் எதிர்வீட்டுக்குள் போனதைப் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் பிற்பாடு சொன்னார். 1975இல் முதலாளியிடமே கேட்டேன்; சொல்லி அனுப்பியதாக நினைவில்லை, அனுப்பியிருக்கலாம் என்றார். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டதற்கு, “நாயி கத்திக்கினே இருந்துது, தூக்கம் போச்சு, அதான் வந்தேன்” என்றார். அவர் மனைவியோ, அன்று அவர் நாய் கத்துவதற்கு முன்பே எழுந்து குளித்துவிட்டார் என்கிறார். நாலு பேர் சொன்னதையும் எழுதி வைத்திருக்கிறேன். எது சரி என்பது இதுவரை உறுதியாகவில்லை.